திண்ணையில் ஒரு சிரிப்பு

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள். ஆழிப்பேரலை எழுந்த அன்று, பிரெஞ்சுக்காரர் காலத்தில் எழுந்து பின்னர் பாறைகளால் வலுவூட்டப்பட்ட கடற்சுவர் புதுவை நகரைக் காத்தது. மீனவக் குப்பங்களும் காரைக்காலும் பிணங்களை எண்ணின. நமக்குக் கால்கூட நனையவில்லை.

அதன்பின் மீன் வாங்க ஊரே அஞ்சியது. கடலில் மாண்டோரை மீன்கள் தின்றிருக்கும் என்பது பேச்சு. அந்நாள்களில் ஒரு காலை, நம் திண்ணையில் நண்பர்கள் கூடியிருக்கையில் வீராம்பட்டினத்து மீன்கார அம்மாள் வந்தார். "இது சைவ மீன்தானா?" என்று கேட்டோம். நண்பர்கள் நகைத்தனர். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கூடையை இறக்காமலே திரும்பி நடந்தார். அவருடைய தங்கை மகனை அலை கொண்டுபோயிருந்ததைப் பிறகே அறிந்தோம்.

அதே ஜனவரியில், இறந்தோரைக் கேலி செய்யும் பாட்டொன்றை நியூயார்க் வானொலி நிலையம் ஒன்று ஒலிபரப்பியதாகச் செய்தி வந்தது. கொதித்தோம். திண்ணை நினைவுக்கு வரச் சற்று நேரமாயிற்று.

துயரின் நடுவே சிரிக்கவே கூடாது என்று சொல்லமாட்டோம். சில மாதங்கள் கழித்து அந்த அம்மாள் மீண்டும் வந்தார். "கடலம்மா எங்க வீட்டுக்கு விருந்துக்கு வந்தா, ஐயா. போறப்ப சட்டி பானையெல்லாம் சீரா எடுத்துக்கிட்டுப் போயிட்டா" என்று சொல்லி அவரே சிரித்தார். அந்தச் சிரிப்பு அவருக்கு உரியது. நாமும் சேர்ந்து சிரிக்கலாமா என்று விளங்கவில்லை. கூடையை இறக்கக் கைகொடுத்தோம். விலை பேசவில்லை.