மழைக்குப் பின் வாடும் கத்தரி

யாழ்ப்பாணத்து வீட்டுத்தோட்டக்காரன் ஆண்டில் ஒன்பது மாதம் மழை வேண்டுமென்கிறான். எஞ்சிய மூன்று மாதம் போதுமென்கிறான். ஆறில்லாத இக்குடாநாட்டில், சுண்ணக்கல்லின்மேற் படிந்த மண்ணில், ஐப்பசி தொடங்கி மார்கழிவரை பெய்வதே பெரும்பாலும் கிணறுகளை நிரப்புகின்றது. ஆதலின் பெருமழையை வைவதற்கும் நமக்கு வாய் வருவதில்லை.

காற்றினால் விளையும் சேதம் கண்ணுக்குத் தெரிவது. சோளகம் எழுந்தால் வாழையிலை நார்நாராய்க் கிழியும், முருங்கை முறியும். இவற்றுக்காக நான் பெரிதும் வருந்துவதில்லை. முறிந்த முருங்கைக் கிளையைத் தறித்து வேலியோரம் நட்டால் அது தளிர்க்கும். சாய்ந்த வாழையின் பக்கத்திற் குட்டி நிற்கும். தண்டு கறிக்கு ஆகும். பப்பாசிதான் மன்னிக்க அறியாத மரம். அடியில் இரண்டு நாள் நீர் நின்றால் அழுகி விழுந்துவிடும். அதனை மேட்டில் அன்றி நடலாகாது.

நீரினால் விளையும் சேதமோ மறைவானது. 2024 ஆம் ஆண்டு கார்த்திகையில், பின்னர் பெங்கல் எனப் பெயர்பெற்ற தாழமுக்கம் கிழக்குக் கரையோரமாக நகர்ந்தபோது, எங்கள் வளவில் மூன்று நாள் கணுக்காலளவு வெள்ளம் நின்றது. அம்மூன்று நாளும் கத்தரிச் செடிகள் நிமிர்ந்தே நின்றன. நான்காம் நாள் வெயில் எறித்ததும் இலைகளெல்லாம் ஒருங்கே தொங்கிவிட்டன. என் மகன் வாளியுடன் ஓடி வந்து, “அப்பா, கண்டுகளுக்குத் தண்ணி விடட்டோ?” என்றான். வேலிக்கு அப்பால் நின்ற முதியவர், நீண்டகாலம் புகையிலைத் தோட்டம் செய்தவர், சிரித்தார்.

“தாகத்தாலை வாடேல்லைத் தம்பி, மூச்சு முட்டி வாடுது. வேரிலை காத்துப் படட்டும்.”

பெரியவர் சொன்னது விஞ்ஞானத்துக்கும் ஒத்ததே. மண்ணின் நுண்துளைகளை நீர் அடைத்துவிட்டால் வேருக்கு ஒட்சிசன் கிடையாது. மூச்சற்ற வேர், சுற்றிலும் நீர் இருந்தும் அதனை உறிஞ்ச மாட்டாது. அன்று மாலையே வளவின் தாழ்ந்த மூலைக்கு வாய்க்கால் வெட்டினோம். மண் சற்று உலர்ந்தபின் மேற்பொருக்கை உழவாரத்தால், வேர் அறாதபடி, மெல்லக் கிளறினோம். வெயிலுக்குக் கிடுகு சாத்தினோம். எரு இடவில்லை, நொந்த வேர் அதனை ஏற்காது. மண்வெட்டி பிடிப்பது எளிது, ஐயா. அதன்பின் பத்து நாள் ஒன்றும் செய்யாதிருப்பதுதான் கடினம்.

பதினொரு செடியில் மூன்று தப்பின. சந்தையில் வாங்கிய நாற்றாயின் இதனை நான் எழுதவும் மாட்டேன். அது என் தாயார் புகுந்த வீட்டுக்குக் கொண்டுவந்த விதையின் வழி வந்தது. வெண்ணிறக் கோடோடிய, தடித்த தோற் கத்தரி. முன்பு விதையைச் சாம்பலிற் புரட்டிச் சுரைக்குடுவையில் இட்டு, அடுப்புப் புகை படும்படி கட்டித் தூக்குவார். எரிவாயு அடுப்பு வந்தபின் புகை ஏது? போத்தலில் எஞ்சியிருந்த விதை பழையது. மழை விட்டபின் போட்டுப் பார்த்தார், ஒன்றும் முளைக்கவில்லை. அன்றிரவு அவர் சரியாகச் சாப்பிடவுமில்லை.

தப்பிய மூன்றையும் முழங்காலுக்குக் கீழே தறித்துவிட்டோம். தையிற் புதுத் தளிர் கண்டோம். அதன் பின்னரே சாணியெரு இட்டோம். மாசியிற் பூ, பங்குனியிற் காய். அவற்றுள் நல்ல காய் இரண்டின் காம்பிற் சிவப்புத் துணிக் கிழிசலைக் கட்டி, ஒருவரும் தொடலாகாதென்று தாயார் கட்டளையிட்டார். நாள்தோறும் காலையிற் சென்று எண்ணிப் பார்த்தார். இரண்டுதானே, எண்ணுவதற்கு என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

அவை மஞ்சளாகப் பழுத்தபின் பிசைந்து, நீரில் அமிழ்ந்த விதையை மட்டும் எடுத்து நிழலில் உலர்த்தினார். பின்பு இரண்டு பங்காக்கினார். ஒன்று எங்களுக்கு. மற்றதைக் கடதாசியில் மடித்து, தெல்லிப்பழையில் இருக்கும் என் தமக்கையாரிடம் கொடுத்துவரும்படி என்னை அனுப்பினார். அங்கே செம்மண், வெள்ளம் நிற்பதில்லை.