கோட்டையில் ஒரு காலைநடை

வாளையாறு தாண்டினால் பாலக்காடு. ஊர் நடுவே ஐதர் அலி 1766இல் கட்டிய கோட்டை. இந்தக் கோட்டை காக்கும் பாலக்காட்டுக் கணவாய் யார் கையிலோ, கொங்குநாட்டுக்கும் மலபாருக்குமான வழியும் அவர் கையில். அதனால்தான் மைசூர்ப் படையும் ஆங்கிலேயரும் இந்தக் கோட்டைக்காக மாறிமாறி மோதினார்கள். 1790இல் ஆங்கிலேயர் கடைசியாகப் பிடித்தார்கள்.

போன ஞாயிறு குடும்பத்தோடு போயிருந்தோம். அகழியோரம் பெரியவர்கள் கைவீசி நடக்கிறார்கள். மதில்மேல் கல்லூரிப் பிள்ளைகள் செல்ஃபி எடுக்கிறார்கள். பக்கத்துப் பூங்காவில் குழந்தைகள் ஊஞ்சலுக்கு வரிசையில் நிற்கிறார்கள்.

எல்லாக் கோட்டைக்கும் இந்த வாழ்வு வாய்க்கவில்லை. 1791இல் முற்றுகை கண்ட நம்ம கோயம்புத்தூர்க் கோட்டையில் மிஞ்சியது கோட்டைமேடும் கோட்டை ஈஸ்வரன் கோயிலும்தான். தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட சங்ககிரிக் கோட்டையாவது நிற்கிறது. மக்கள் புழங்கினால்தான் கோட்டை பிழைக்கும். பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போங்க. தண்ணி பாட்டிலை மட்டும் அங்கேயே போட்டுட்டு வராதீங்க.