புல்வெளி ஓடையின் ஊண்

தெளிந்த நீர் வெறுநீர் என்பது உலகோர் எண்ணம். நீலகிரியில் முக்குருத்திப் பக்கத்துப் புல்வெளிகளினூடே நடந்த ஒரு நாள், ஆங்கோர் ஓடையில் நீரைக் கையால் அள்ளிப் பார்த்தேன். பளிங்கென இருந்தது. ஆயினும், உயிர்நூல் பயின்ற எனக்கு அது ஒரு மெல்லிய கஷாயமாகவே தோன்றிற்று.

தேயிலையின்மீது வெந்நீர் ஊற்றுங்கால் சாரம் இறங்குவதுபோல, மழைநீர் மடிந்த புல்லினூடும் கருமண்ணினூடும் கசிந்து வருங்கால் அவற்றின் சாரம் நீரிற் கலக்கின்றது. மில்லிமீட்டரில் ஆயிரத்திலொரு பங்கினும் சிறிய துளைகளையுடைய வடிகட்டியையும் கடந்து செல்லும் இச்சாரத்திலுள்ள கார்பனைக் ‘கரைந்த கரிமக் கார்பன்’ என்பர்.

ஓடைக் கற்களின்மேல் வழுவழுப்பாகப் படிந்துள்ள படலத்தில் வாழும் எண்ணிறந்த நுண்ணுயிர்கட்கு இஃது உணவாகும். சர்க்கரை போன்ற எளிய பொருள்களை அவை விரைந்து உண்கின்றன. மண்ணில் நெடுநாள் மக்கிய பழுப்புச் சாரமோ எளிதிற் செரிப்பதன்று; கதிரவன் ஒளி அதனைச் சிறிது சிறிதாகச் சிதைத்து உண்ணத்தக்கதாக்கும். உண்டதில் ஒரு பகுதி அவற்றின் உடலாகிப் புழுபூச்சிகட்கும், அப்பூச்சிகளை உண்ணும் தவளைகட்கும் செல்கின்றது. மற்றொரு பகுதி கரியமிலவாயுவாய் வானிற் கலக்கின்றது. பெருமழை பெய்யின், வெள்ளம் செரியாத சாரத்தை வாரிக்கொண்டு கீழே விரையும். 2007-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சிக் கணக்கின்படி, உலகில் நிலத்தினின்று ஆறு ஏரிகளிற் சேரும் கார்பன் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 190 கோடி டன். அதிற் கடலை அடைவது 90 கோடி டன்னே. எஞ்சியதில் பெரும்பகுதி வழியிலேயே வானத்திற்குத் திரும்புகின்றது.

புல்வெளி ஓடைக்குச் சிறப்பொன்று உண்டு. மரநிழல் இன்மையின் வெயில் கல்வரை இறங்குகின்றது, பாசி வளர்கின்றது, அப்பாசி கசியவிடும் புதுச் சாரமும் நுண்ணுயிர்க்கு விருந்தாகின்றது.

ஈதறிந்தபின் ‘தரிசு’ என்னும் சொல் என் செவியை உறுத்துகின்றது. ஆங்கில ஆட்சியார் இப்புல்வெளிகளை அவ்வாறே அழைத்தனர். ஆனால் இங்குள்ள சதுப்புக் கரிமண்ணின் கார்பனை ஆராய்ந்து 1993-இல் வெளியிடப்பட்ட ஆய்வோ, ஏறக்குறைய 20,000 ஆண்டுகட்கு முன்னரே இங்குப் புல் விளைந்திருந்ததைக் காட்டிற்று. ஆஸ்திரேலியாவினின்று வந்த சீகை மரங்கள், தோல் பதனிடும் பட்டைக்கென விடுதலைக்குப் பின் இங்குப் பெருக நடப்பெற்றன. அம்மரம் கரையை நெருங்கின் வெயில் மறைகின்றது; புல்லின் சாரம் குன்றித் துவர்ப்பு மிகுந்த சாரம் நீரிற் சேர்கின்றது. ஓடை ஓடிக்கொண்டேயிருக்கும், அதன் ஊண் மாறிவிடும்.

மரம் நடுதல் நற்செயலே. எனினும், நடும் இடம் யாதென ஆய்ந்து நடுதல் வேண்டும். மலைக்குச் செல்லும் நம் மாணவ நண்பர்கள், அங்குள்ள ஓடைக்கல் ஒன்றையேனும் தடவிப் பார்ப்பார்களாக. அந்த வழுவழுப்பே ஓடையின் உயிர்.