மான் வேட்டையும் ஒரு எக்ஸெல் ஷீட்டும்

"வேட்டைக்குப் போறேம்மா"ன்னு போன்ல சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஏம்ப்பா, உனக்கு ஒரு கோழி உரிக்கத் தெரியுமா?" நியாயமான கேள்விதான். கடைக்காரர் வெட்டிக் கொடுத்த கறியையே மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டு கழுவற ஆசாமி நான் :-)

கதை நடந்தது 2022-ல. அப்ப நான் அமெரிக்காவுல, கான்சஸ் மாநிலத்தோட கிழக்குக் கோடியில ஆணி புடுங்கிட்டிருந்தேன். பக்கத்து சீட்ல 58 வயசுப் பெருசு ஒருத்தர். வருஷா வருஷம் அக்டோபர் கடைசியில கொலராடோவுக்கு எல்க் வேட்டைக்குப் போவார். எல்க்குன்னா நம்ம கடமானுக்குப் பெரியண்ணன் மாதிரி. வளர்ந்த ஆண் 300 கிலோ வரும். அந்த வருஷம் கூட வர்ற நண்பருக்கு முட்டி ஆபரேஷன். "நீ வர்றியா?"ன்னு கேட்டார்.

வேட்டைன்னா மகாராஜா சமாச்சாரம்னு நினைச்சிட்டிருந்தேன். வழிகாட்டி, குதிரை, சமையல்காரர் எல்லாம் வச்சுக்கிட்டுப் போனா 6,000 டாலருக்கு மேல ஆகும், உண்மைதான். ஆனா அங்க தேசியக் காடு பொதுச்சொத்து. கூடாரம் போட்டுக்க காசு கிடையாது. லைசன்ஸ் வாங்கின யாரும் உள்ள போகலாம். காசு எகிறுறது அந்த லைசன்ஸ்லதான். 2022-ல உள்ளூர்க்காரருக்கு 60 டாலர் சொச்சம், வெளிமாநிலத்துக்காரனுக்கு 700 டாலர் சொச்சமா இருந்துச்சு!

எச்-1பி ஆசாமிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நம்மள மாதிரி தற்காலிக விசாவுல இருக்கறவங்க துப்பாக்கியைக் கையில வச்சிருக்கறதே அமெரிக்கச் சட்டப்படி குற்றம். அதுக்கு இருக்கற விதிவிலக்குகள்ல ஒண்ணு, செல்லுபடியாகிற வேட்டை லைசன்ஸ் வச்சிருக்கறது. அதனால லைசன்ஸ் கைக்கு வர்ற வரைக்கும் பெருசோட துப்பாக்கியை நான் தொடவே இல்ல. லைசன்ஸ் வாங்கறதுக்கு முன்னாடி வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு வேற. 1949 ஜனவரி 1-ம் தேதியோ அதுக்கப்புறமோ பொறந்த யாரா இருந்தாலும் அது இல்லாம கொலராடோவுல லைசன்ஸ் கிடையாது. பரீட்சை எழுதினேன். பாஸ்!

பொட்டி தட்டறவன் திட்டம் போட்டா எக்ஸெல் இல்லாமலா? லைசன்ஸ் 700 சொச்சம், பெட்ரோல்ல என் பாதி 150, சாப்பாடு 80 (புளிக்காய்ச்சலும் ரவையும் வீட்லேருந்து), பூட்ஸும் முதுகுப்பையும் 300, தோட்டா, ஐஸ் பெட்டி, சில்லறைச் செலவு 120. மொத்தம் 1,400-க்குள்ள அடக்கிட்டேன். அதுல ஒரு வரியை மட்டும் நானே அழிச்சேன். அடிச்ச மிருகத்தைக் காட்டுக்குள்ளேருந்து குதிரையில வெளிய கொண்டு வந்து கொடுக்கற உள்ளூர் ஆள் ஒருத்தர் 500 டாலர் கேட்டார். முன்பணமும் கட்டணும். "பத்து பேர் போனா எட்டு பேர் வெறுங்கையோட வர்ற வேட்டைக்கு எதுக்குங்க இது?"ன்னேன். பெருசு கொஞ்சம் யோசிச்சுட்டு, சரின்னார்.

13 மணி நேரம் கார். டென்வர் தாண்டி மலையேறி, ரைஃபிள்னே பேர் வச்ச ஊர்ல திரும்பி (சத்தியமா அப்படி ஒரு ஊர் இருக்குங்க), மீக்கர் வந்து சேர்ந்தோம். கிழக்கால ஃப்ளாட் டாப்ஸ் காடு. அங்க மோட்டார் வண்டி மட்டும் இல்ல, ஒத்தைச் சக்கரத் தள்ளுவண்டிக்குக் கூட அனுமதி இல்ல. எது கிடைச்சாலும் முதுகுல சுமந்துதான் வரணும்.

10,000 அடி உயரம். ஆரஞ்சு உடுப்பை மாட்டிக்கிட்டு நாலு நாள் நடந்தோம். பழைய சாணி, காலடித் தடம், ராத்திரியில உறைஞ்சு போன தண்ணி பாட்டில். அவ்வளவுதான். அஞ்சாம் நாள் காலையில பெருசுக்கு தலைவலி, வாந்தி. மலை உயரம் ஒத்துக்கல. "நான் கூடாரத்துல படுத்துக்கறேன். சாயங்காலம் நீ வந்ததும் கீழ இறங்கிடலாம். நாளைக்குப் பனிப்புயல்ங்கறாங்க"ன்னார்.

தனியாப் போனேன். சாயங்காலம் நாலரை மணி, ரோட்டுலேருந்து அஞ்சு கிலோமீட்டர் உள்ள. ஓடைக்கு எதிர்ச்சரிவுல அது நின்னுச்சு. ஆண். சுடலாமான்னு பாக்கறதுக்கு கொம்பு எண்ணணும், ஒரு பக்கம் நாலு கிளையாவது வேணும். அஞ்சு இருந்துச்சு. 200 கஜம் தூரம். துப்பாக்கியைக் கல்லு மேல வச்சு, மூச்சை அடக்கி, தொலைநோக்கியில பார்த்தேன். கை நடுங்கல. அதுதான் எனக்கே ஆச்சரியம்.

அப்பதான் கணக்கு ஓடுச்சு. பின்னந்தொடை ஒண்ணே 25 கிலோ. மொத்தமா அஞ்சாறு நடை. ஒரு நடைக்கு போக வர பத்து கிலோமீட்டர். கூட ஆள் இல்ல. கூடாரத்துல ஒருத்தர் வாந்தியெடுத்துக்கிட்டு. நாளைக்குப் புயல். கறியை விட்டுட்டு வர்றது அங்க சட்டப்படியும் குற்றம்.

எங்க குலசாமி கோயில்ல கிடா வெட்டினா சாயங்காலத்துக்குள்ள ஒரு துண்டு மிச்சமில்லாம முடிச்சாகணும், வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக் கூடாது. கூறு போடறப்ப தாத்தா சொல்வார், "வெட்டுறது ஒரு நிமிஷ வேலைல. தீக்கிறதுக்கு ஆள் இருக்கான்னு பாத்துட்டு அருவாளை எடு." சின்ன வயசுல அது சாப்பாட்டுப் பேச்சுன்னு நினைச்சிருந்தேன்.

விரலை எடுத்தேன். அது இன்னும் ரெண்டு வாய் புல்லை மேய்ஞ்சுட்டு மரத்துக்குள்ள போயிடுச்சு. இருட்டுல கூடாரம் வந்து சேர்ந்து சொன்னேன். பெருசு ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "அந்த 500 டாலர்..."னு ஆரம்பிச்சு, முடிக்காம பையைக் கட்டினார்.

நான் பெரிய புத்தரு மாதிரி சொல்லிக்கறதுக்கு இதுல ஒண்ணும் இல்லீங்க. அந்தக் குளிர்காலம் (2022-23) வடமேற்குக் கொலராடோவுல பயங்கரப் பனி. மான் கூட்டம் நிறைய செத்து, 2023-ல அந்தப் பக்கத்து லைசன்ஸையே பெருமளவு குறைச்சுட்டாங்க. நான் விட்டுட்டு வந்தது பிழைச்சுதோ, பசியில செத்துச்சோ. விட்டது சரின்னு ஒரு நாள் தோணும், மறுநாள் வேற மாதிரி தோணும்.

இப்ப மறுபடி ஒரு ஷீட் திறந்திருக்கேன். பெருசும் வர்றார், ரெண்டு நாள் முன்னாடியே மலையில தங்கி உடம்பைப் பழக்கிக்கறதா ஒப்பந்தம். முதல் வரியில லைசன்ஸ் இல்ல. குதிரைக்காரர், 500 டாலர்.

டிஸ்கி: கிளம்பற எண்ணம் இருந்தா அந்தந்த வருஷத்து விதிப் புத்தகத்தைப் படிச்சுட்டுக் கிளம்புங்க, வருஷா வருஷம் மாத்தறாங்க. அப்புறம், கோழி உரிக்கக் கத்துக்கிட்டேன்மா :-)