பாகைக்குப் பின் வரும் கலை

பருத்தித்துறையிலிருந்து கடலுக்குச் செல்லும் படகொன்றில் பொருத்தப்படும் ஜி.பி.எஸ். கருவி, செய்மதிகளின் சமிக்ஞைகளைக் கொண்டு கணித்த இருப்பிடத்தைத் திரையில் காட்டுவதோடு, பிற கருவிகளுக்கும் அதனை எழுத்து வரிகளாகக் கம்பிவழி அனுப்ப வல்லது. அவ்வரிகளின் அமைப்பை வகுக்கும் என்.எம்.இ.ஏ. 0183 என்னும் நியமத்தை அமெரிக்காவின் தேசியக் கடல்சார் மின்னணுவியல் சங்கம் 1983இல் வெளியிட்டது. இன்றும் அது விலைக்கே கிடைக்கிறது. வாங்காதோர் அவ்வரிகளைப் படித்தறிய இயலாது என எண்ணுவது இயல்பேயாயினும், அவற்றின் அமைப்பு கடல்வரைபடத்தில் இடம் குறிக்கும் மாலுமியரின் பழைய வழக்கத்தைத் தழுவியதாதலால், அதனை அறிதற்கான வழி கடலோர ஊர்களிலேயே உள்ளது.

டாலர் குறியில் தொடங்கும் ஒவ்வொரு வரியும் காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட புலங்களைக் கொண்டது. இருப்பிடத்தைத் தரும் ஜி.ஜி.ஏ. வரியில் முதலில் நேரமும், அடுத்து அகலாங்கும் நெட்டாங்கும் வருகின்றன. பருத்தித்துறையில் காலை 6 மணிக்கு நேரப்புலம் 003000 எனக் காட்டுவதால், அது இலங்கை நேரத்துக்கு ஐந்தரை மணி பிந்திய உலகப் பொது நேரம் என்பது விளங்கும். ஊரின் அகலாங்கு 9 பாகை 49 கலை, அதாவது 9 பாகையும் ஒரு பாகையின் 60 கூறுகளில் 49உம், என்பதை நிலவரைபடத்தில் கண்டவர்க்கு, 0949 எனத் தொடங்கும் புலத்தின் முதலிரு இலக்கங்கள் பாகை, எஞ்சியவை கலை என்பது தானே புலப்படும். 180 பாகை வரை செல்லும் நெட்டாங்குக்கோ பாகைக்கென மூன்று இலக்கங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன.

இவ்வாறு ஊகித்தவற்றை உறுதிசெய்யத் துணைகள் உண்டு. கருவி தயாரிப்பாளர்கள் தம் கையேடுகளில் இவ்வரிகளை விளக்குகின்றனர், ஜி.பி.எஸ்.டி. என்னும் திறந்த மூல மென்பொருளை முன்னின்று வளர்த்த எரிக் ரேமண்ட், நியமத்தை நாடாமல் பொதுவெளியில் கிடைத்தவற்றைத் தொகுத்தே ஒரு விளக்க ஏட்டை உருவாக்கினார். எனினும், அரிதாக வரும் வரிகளையும் வெறுமையாக விடப்படும் புலங்களையும் பொறுத்தவரை, பல கையேடுகளை ஒப்பிட்டே ஒரு முடிவுக்கு வர வேண்டியுள்ளது.

பாகையையும் கலையையும் பிரித்தறியாவிடின் நேரும் பிழை சிறிதன்று. இலங்கையும் இந்தியாவும் 1974இல் செய்துகொண்ட உடன்படிக்கையில் பாக்கு நீரிணை எல்லையின் முதற்புள்ளி வடக்கு 10 பாகை 05.0 கலை, கிழக்கு 80 பாகை 03.0 கலை எனக் குறிக்கப்பட்டுள்ளது. பருத்தித்துறைக்கு வடமேற்கே சுமார் 19 கடல் மைலில் உள்ள அப்புள்ளியின் அகலாங்கைக் கருவி 1005.0000 என்றே எழுதும். அதனைத் தசமப் பாகையாக மயங்கி 10.05 எனக் கொள்வோர்க்கு எல்லை இரண்டு கடல் மைல் தெற்கே நகர்ந்துவிடும். ஏனெனில் 5 கலை என்பது 0.05 பாகையன்று, 0.0833 பாகை. நியமத்தின் படியை விலை கொடுத்து வாங்கியவரும் இவ்வாறு மயங்கக்கூடும் என்பதால், எவர் எழுதிய மென்பொருளாயினும் கரையில் இடமறிந்த ஒரு புள்ளியில் வைத்துச் சரிபார்த்த பின்னரே அதனைக் கடலுக்குக் கொண்டுசெல்வது தகும்.