குழந்தையை வண்டி தாங்கட்டும்

2022ஆம் ஆண்டில் எரிபொருள் தட்டுப்பாடு நாட்டை வாட்டியபோது, வீட்டு மூலைகளில் துருவேறிக் கிடந்த துவிச்சக்கர வண்டிகள் பல மீண்டும் வீதிக்கு வந்தன. எண்ணெய்க்காக நாட்கணக்கில் வரிசையில் நிற்பதைக் காட்டிலும் மிதித்துச் செல்வதே மேல் என்று எண்ணியோர் மாத்தளையிலும் இருந்தனர். பின்னர் வரிசைகள் மறைந்தன. ஆயினும் வண்டியைக் கைவிடாத குடும்பங்கள் சில உண்டு. முச்சக்கர வண்டிக் கூலியை எண்ணி எண்ணிச் செலவிடும் வீட்டுக்கு, பிள்ளையைப் பாலர் பாடசாலையில் விட்டு வர இதனினும் மலிவான வழி வேறு எது?

எனினும், பெரியவர் ஒருவர் தனியே வண்டியிற் செல்வது வேறு. மூன்று வயதுக் குழந்தையை உடன் ஏற்றிச் செல்வது வேறு. பேரனைப் பாலர் பாடசாலையில் சேர்த்தபோது நம் வீட்டிலும் இக்கேள்வி எழுந்தது. ஆளுக்கொரு கருத்து. "முன்னாலுள்ள பாரில் துவாயைச் சுற்றி இருத்தினாற் போதும் அப்பா. என் இரு கைகளுக்கும் நடுவே பத்திரமாக இருப்பான்" என்றான் மகன். கரியரில் தலையணையைக் கட்டி இருத்துவதே நல்லதென்றாள் அவன் தாய். எட்டு மாதக் கைக்குழந்தையையும் துணியால் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டாள் மருமகள்.

மூன்று யோசனைகளும் அன்பிற் பிறந்தவையே. ஆனால் அன்பு வேறு, பாதுகாப்பு வேறு. ஆகவே ஒவ்வொன்றையும் ஆராய்ந்து பார்த்தோம்.

முதலில் கைக்குழந்தை. ஓராண்டு நிரம்பாத மகவின் கழுத்து, தலையின் பாரத்தை உறுதியாகத் தாங்காது. வீதிப் பள்ளத்தில் வண்டி குலுங்கும்போது நமக்குச் சிறு அதிர்வாகத் தோன்றுவது அதற்குப் பேரதிர்வு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் பன்னிரண்டு மாதம் நிரம்பாத குழந்தையை வண்டியில் ஏற்றலாகாது என்றே அறிவுறுத்துகிறது. முதுகில் கட்டினால் ஓட்டுபவர் விழும்போது குழந்தையும் அதே உயரத்திலிருந்து விழும். அவர் உடலின் கீழ் அகப்படவும் கூடும். எனவே கைக்குழந்தை வீட்டில் ஆச்சியிடம் இருப்பதென முடிவாயிற்று.

அடுத்தது முன்பார். அதில் இருத்திய குழந்தை கண்ணெதிரே இருப்பது உண்மைதான். ஆனால் அதன் கால்கள் முன் சில்லின் அருகே தொங்குகின்றன. கைப்பிடியைத் திருப்பும் வேளையில் பாதம் கம்பிகளுக்குள் நுழைந்தால் சில்லு அக்கணமே நின்றுவிடும். இருவரும் தலைகீழாகத் தூக்கி எறியப்படுவர். விளையாட்டாகப் பிரேக்கைப் பிடிக்கும் பிஞ்சுக் கையையும் தடுப்பது கடினம்.

கரியரோ பார்வைக்குச் சாதுவானது. அதன் ஆபத்தை நாம் அண்டை வீட்டில் கண்டோம். ஐந்து வயதுச் சிறுமி தந்தையின் பின்னால் அமர்ந்து இறக்கத்தில் வருகையில், அவள் குதிகால் பின் சில்லின் கம்பிகளுக்கும் சட்டத்துக்கும் இடையே அகப்பட்டது. முதல் நாள் அது சிராய்ப்புப் போலவே தோன்றிற்று. சில நாளில் தோல் கறுத்து உதிர்ந்தது; தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்ட வேண்டியதாயிற்று. இவ்வகைக் காயத்தின் இயல்பே இதுவாம். வெளியே சிறிதாகத் தெரிந்தாலும், நசுங்கிய சதையும் தோலும் உள்ளே மெல்ல மெல்ல உயிரிழக்கக் கூடும். ஆதலால் இத்தகைய காயத்துக்கு வீட்டு மருந்து பூசிக் காத்திராமல், அன்றே வைத்தியசாலைக்குச் செல்வதே முறை.

இவ்வளவையும் நாம் கூறக் கேட்ட சைக்கிள் திருத்துநர் ஒரே வார்த்தையில் முடிவு சொன்னார்: "பிள்ளை வண்டியைப் பிடித்துக்கொள்ளும் என்று நம்பாதீங்க ஐயா. பிள்ளை தூங்கிப்போகும். வண்டிதான் பிள்ளையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்."

இதைச் சில நாடுகள் சட்டமாகவே இயற்றியுள்ளன. வண்டிகள் மலிந்த நெதர்லாந்தில் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முதுகும் கையும் காலும் தாங்கும் தக்க இருக்கை வேண்டும். ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையை ஏற்றிச் செல்பவர் பதினாறு வயது நிரம்பியவராயிருத்தல் வேண்டும், குழந்தையின் பாதம் கம்பிகளில் அகப்படாதபடி தடுப்பும் இருத்தல் வேண்டும் என்பது ஜெர்மனியின் விதி.

ஆகவே நாம் தேர்ந்தது பின்னிருக்கை. உயர்ந்த முதுகும், தோளையும் இடுப்பையும் இணைக்கும் வாரும், பாதத்தைப் பிணைக்கும் தாங்கியும் அதில் உள்ளன. ஐரோப்பிய நியமப்படி செய்யப்படும் இத்தகைய பின்னிருக்கைகள் 22 கிலோ எடை வரையுள்ள குழந்தைக்கும், முன்னிருக்கைகள் 15 கிலோ வரைக்குமே உரியவை. விலை சிறிதன்று. பழைய இருக்கையை வாங்குவோர், வெயிலில் நெடுநாள் கிடந்த பிளாஸ்டிக்கில் வெடிப்பு உண்டா என்று தடவிப் பார்த்தே வாங்க வேண்டும். மெல்லிய கரியர் பாரத்தில் வளையக்கூடும் என்பதால், திருத்துநர் அதை மாற்றி உறுதியான இரும்புக் கரியரைப் பூட்டினார். பெண்கள் வண்டியில் உடை சில்லிற் சிக்காதிருக்கப் பக்கத்தில் கட்டும் வலையைப் போன்றதொன்றையும் பொருத்தினார். உடையைக் காக்கும் வலை பாதத்தையும் காக்குமன்றோ?

தலைக்கவசமும் வேண்டும். அது நெற்றியை மறைத்துச் சமமாக அமர வேண்டும். பின்னால் சாய்ந்திருந்தால் பயனில்லை. இன்னொன்றையும் மறத்தலாகாது. வண்டி நிற்கும்போதும் விபத்து நிகழும். ஒற்றைக்கால் ஸ்டாண்டில் சாய்த்துவிட்டுக் கடையில் பொருள் வாங்கத் திரும்பினால், குழந்தை ஒருமுறை அசைந்ததும் வண்டி சரியும். ஏற்றும்போது குழந்தை கடைசி, இறக்கும்போது குழந்தை முதல் என்பது நம் வீட்டு விதி.

இத்தனையும் செய்தபின் எஞ்சியிருப்பது வீதி. யாழ்ப்பாணத்துச் சமதரை வேறு, மாத்தளை வேறு. சுமார் 1,200 அடி உயரத்தில் குன்றுகளிடையே அமைந்த ஊர் இது. இரத்தோட்டைப் பக்கம் போனாலும் தோட்டங்களை நோக்கிப் போனாலும் ஏற்றமும் இறக்கமுமே. கண்டி – யாழ்ப்பாண நெடுஞ்சாலையிலோ தம்புள்ளை மரக்கறி லொறிகளும் பஸ்களும் ஒன்றையொன்று முந்தும். பாரம் கூடினால் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். பழைய வண்டியில் இரும்பு விளிம்பை அழுத்தும் பிரேக்கட்டைகள் மழையில் நனைந்தாற் பிடி மிகவும் தளர்ந்துவிடும். எனவே சற்றுச் சுற்றென்றாலும் உள்வீதியையே மகன் தெரிந்துகொண்டான். செங்குத்தான இறக்கத்தில் வண்டியிலிருந்து இறங்கித் தள்ளிச் செல்கிறான். அடைமழை நாளிலும், முத்துமாரியம்மன் கோயில் தேர்த் திருவிழாக் கூட்டம் வீதியை நிறைக்கும் நாளிலும் வண்டி வீட்டிலேயே நிற்கும். தந்தையும் மகனும் நடந்தே போவர்.

"இவ்வளவு தூரத்துக்கு இத்தனை ஏற்பாடா?" என்று சிரிப்போரும் உண்டு. பாடசாலை ஒரு மைலுக்குள்தான். ஆனால் குதிகால் கம்பியில் அகப்பட ஒரு மைல் வேண்டாம். ஒரு சுற்றுப் போதும். வண்டி வாங்கும்போது நிறத்தையும் மணியையும் பார்த்து வாங்குகிறோம். குழந்தையை ஏற்றுமுன் அதன் பாதம் எங்கே தங்கும், தூங்கினால் தலை எங்கே சாயும் என்ற இரண்டையும் பார்த்துவிட்டு ஏற்றுவோமாக.