காரணத்தை எழுதி வாங்குங்கள்

வாக்குச்சாவடி வாசலில் நின்று "என் பேரு எங்க?" என்று ஒருவர் கேட்கும்போது பெரும்பாலும் காரியம் கைமீறியிருக்கும். வேட்புமனுவின் கடைசி நாள் கடந்தபின் தேர்தல் முடியும்வரை பட்டியலில் ஒரு பெயரைக்கூடச் சேர்க்கச் சட்டம் இடம் தராது. ஓட்டுரிமைக்காக மனு எழுதித் தரும் எனக்கு, தேர்தல் வாடையே இல்லாத மாதங்களில்தான் வேலை அதிகம்.

எங்கள் கூடங்குளம் ராதாபுரம் தொகுதியில் இருக்கிறது. ஓர் ஓட்டின் எடையை எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2016 சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க.வின் இன்பதுரை பெற்றது 69,590, தி.மு.க.வின் அப்பாவு பெற்றது 69,541. வித்தியாசம் 49. அந்த எண்ணிக்கையின்போது 203 தபால் ஓட்டுகள் செல்லாதவை என்று ஒதுக்கப்பட்டன. உறுதிமொழிப் படிவத்தில் சான்றொப்பமிட்டவர் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர், அவருக்கு அந்த அதிகாரம் இல்லை என்பது சொல்லப்பட்ட காரணம். அந்த ஓட்டுகள் செல்லும், அவற்றையும் சேர்த்து எண்ணுங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது 2019 அக்டோபர் ஆகிவிட்டது. எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. முடிவு வெளிவராமலே 2021இல் அந்தச் சட்டமன்றத்தின் ஆயுள் முடிந்தது.

யார் ஜெயித்திருக்க வேண்டும் என்பது என் கவலையில்லை. தேர்தல் பணிக்குப் போனவர்கள் முறையாகப் போட்ட ஓட்டு, இன்னொருவர் கையெழுத்தின் பேரில் மூன்று வருஷம் உறையில் கிடந்ததே, அதுதான் இன்னும் மனசை அறுக்கிறது.

எங்கள் கடற்கரையில் பெயர் போவது இன்னும் சத்தமில்லாமல் நடக்கும். தொழிலுக்காகக் குடும்பத்தோடு கேரளா போயிருப்பார்கள். சரிபார்க்க வருகிறவர் பூட்டைப் பார்த்து 'இடம்பெயர்ந்தவர்' என்று குறித்துவிடுவார். உள்ளூரில் இல்லை என்ற பேரில் பெயரை நீக்குமுன், சம்பந்தப்பட்டவர் தன் தரப்பைச் சொல்ல நியாயமான வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 22ஆம் பிரிவு. லால் பாபு உசேன் வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றமும் பட்டியலில் இருப்பவரை விசாரிக்காமல் நீக்கலாகாது என்று அழுத்திச் சொன்னது. ஆகவே என் மனுவின் முதல் வரி எப்போதும் கேள்விதான்: எந்தத் தேதியிட்ட நோட்டீஸ், யாரிடம் கொடுக்கப்பட்டது?

பழைய பட்டியல்களை நான் எறிவதில்லை. பாகம் எண், வரிசை எண், கதவு எண் மூன்றையும் அதிலிருந்து எடுத்து எழுதினால் அதிகாரி தட்டிக்கழிப்பது கடினம். கோபத்தை மனுவில் எழுத மாட்டேன். அது வாசிப்பவருக்குச் சாக்காகிவிடும். வாய்மொழியாக "முடியாது" என்றால் நகர மாட்டேன். உத்தரவு எழுத்தில் வந்தால்தானே 15 நாளுக்குள் கலெக்டரிடம் மேல்முறையீடு செய்ய முடியும்? அங்கும் தள்ளினால் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம்.

கூடங்குளம் அணு உலைக்கு எதிரான போராட்டத்துக்குப் பிறகு இந்தப் பக்கத்து ஊர்களில் ஏராளமானோர் மேல் வழக்குகள் விழுந்தன. "அண்ணாச்சி, எம் மேல கேஸ் கெடக்கு, ஓட்டுப் போட விடுவாங்களா?" என்று பெண்கள் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார்கள். சிறையிலோ போலீஸ் காவலிலோ இருந்தால்தான் தடை, தாயி. வழக்கு நிலுவையில் இருப்பதோ, ஜாமீனில் இருப்பதோ தடையில்லை. 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் 62(5) பிரிவைத் தமிழில் எழுதி, கேட்டவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.